அடுத்தவர் வேதத்தையும் படிக்கலாமே!

பிற மத நூல்களைப் படிப்பவர்கள் நம்மில் குறைவு. படிப்பவர்களிலும் பலர் குறை கண்டுபிடிக்கத்தான் படிக்கிறார்கள். எங்கோ ஒரு வரியைப் பிடித்து, "பார், இதுதான் அவர்கள் மதம்!" என்கிறார்கள். இது படிப்பு அல்ல, வழக்குக்குச் சாட்சி தேடுவது.

உ.வே.சாமிநாதையர் சைவ நூல்களில் ஊறியவர், மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அவ்வளவு தமிழ் தெரிந்தும், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் பல இடங்கள் அவருக்கு விளங்கவில்லை. என்ன செய்தார்? கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். அவர்களுக்கு அது வெறும் காப்பியம் அல்ல, பக்தியோடு ஓதும் நூல். 1887-ல் சிந்தாமணி அச்சேறியது. 1898-ல் பௌத்தக் காப்பியமான மணிமேகலையையும் பதிப்பித்தார். அதனால் அவர் சமணராகவோ பௌத்தராகவோ மாறிவிடவில்லை!

படித்தால் நம்பிக்கை போய்விடும் என்று பயப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு புத்தகத்துக்கே ஆட்டம் காணும் நம்பிக்கையைப் படிக்காமல் இருந்து காப்பாற்றிவிட முடியுமா?

குர்ஆனோ, பைபிளோ, கீதையோ... நூலை வாங்கினால் மட்டும் போதாது. புரியாத இடத்தில், எதிர்ப்பவர் எழுதிய விளக்கத்தைத் தேடாமல், அதை நம்பி வாழும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நூலும் புரியும், அவரும் புரிவார்.