துள்ளலும் வேண்டும், கடிவாளமும் வேண்டும்

சங்க இதழில் எடை தூக்கும் பயிற்சியைப் பற்றி எழுத ஓய்வுபெற்ற ரயில்வேக்காரனுக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் மருத்துவனும் அல்ல, பயிற்சியாளனும் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ரயில் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து சுருள்வில்லையும் பஃபரையும் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆனால் நான் சொல்லவந்த விஷயம் வில்லைப் பற்றியதுதான். ஆகவே துணிந்து எழுதுகிறேன். இன்னொரு காரணம், இது என் குடும்பத்தில் நடந்தது.

என் தம்பி மகனுக்கு வயது இருபத்து நான்கு. போலீஸ் வேலைக்கான உடல் தகுதித் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். ஒரு நாள் மாலை அவன் பயிற்சி செய்யும் கூடத்துக்குப் போயிருந்தேன். தோளில் கம்பியை ஏற்றிக்கொண்டு, கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழுவதுபோல் தொப்பென்று உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்திலேயே மேலே எழும்பினான்.

"ஏன்டா இப்படி விழறே?" என்று கேட்டேன்.

"விழலை பெரியப்பா, பவுன்ஸ் எடுக்கிறேன். அடியில போய் அடிச்சா அதுவே மேலே தள்ளிவிடும். நீங்க ஸ்பிரிங் வேலை பார்த்தவர்தானே, உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. அடுத்த மாதமே மீதிப் பாதி அவனைப் பிடித்துக்கொண்டது. முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் பாதி கிழிந்தது. ஐந்து மாதம் படி ஏற முடியவில்லை. தகுதித் தேர்வு வந்தது, போனது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடுமோ என்று அவன் தாய் அழுத அழுகையைப் பார்த்த பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அவன் சொன்னதில் உண்மை எது என்று பார்ப்போம். முழங்காலுக்குக் கீழே டாக்டர் சிறு சுத்தியால் தட்டினால் கால் தானாக உதைக்கிறதே, அதுதான் நீட்சி அனிச்சைச் செயல். தசைக்குள்ளே நீளத்தை அளக்கும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசை சட்டென்று நீட்டப்பட்டால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். மூளையின் அனுமதிக்குக் காத்திராமல் அங்கிருந்தே "சுருங்கு" என்று உத்தரவு வந்துவிடும். எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவு பலமாக உத்தரவு வரும். இங்கிலாந்தில் லிட்டல், ஷெரிங்டன் என்ற இருவர் 1924இல் இதை விளக்கி எழுதினார்கள். நரம்பணுக்களின் வேலையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஷெரிங்டன் 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எடை தூக்குகிறவன் கீழே இறங்கி உடனே திரும்பும்போது இந்த அனிச்சை அவனுக்குக் கைகொடுக்கிறது. அதோடு தசைநாண் ரப்பர்போல் கொஞ்சம் நீண்டு, சேமித்த சக்தியைத் திருப்பித் தருகிறது. இறங்கும்போதே தசை முறுக்கேறியிருப்பதால் தொடக்கத்திலேயே முழு பலமும் கிடைக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் பையன்கள் "பவுன்ஸ்" என்கிறார்கள். நாம் குதிப்பதும் ஓடுவதும் இதனால்தான். ஆகவே இது ஏமாற்று வேலை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. இயற்கை கொடுத்த கருவியை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

இனி மீதிப் பாதி. நம் ஐ.சி.எஃப். பெட்டிகளின் போகியில் சுருள்வில்லோடு டேஷ்பாட் என்று ஒன்று இருக்கும். எண்ணெய் நிரம்பிய குப்பிக்குள் பிஸ்டன் போன்ற அமைப்பு. வில் துள்ளப் பார்க்கும், எண்ணெய் அதை அடக்கும். எண்ணெய் குறைந்தால் வில் கெட்டுவிடாது. ஆனால் பெட்டி துள்ளும், ஒவ்வொரு துள்ளலும் வில்லைத் தின்னும். ஒரு நாள் வில் உடையும். உடைந்த முகத்தைப் பார்த்தால் ஓரத்தில் பழைய சிறு விரிசல் கறுத்துக் கிடக்கும். அன்றைய பாரத்தால் உடைந்ததல்ல, பல நாள் துள்ளலால் உடைந்தது. தம்பி மகனின் முழங்காலும் அப்படித்தான். கிழிவதற்கு முன் ஆறு வாரமாகச் சில்லுக்குக் கீழே வலி இருந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தோளில் 60 கிலோ. இறங்கும் தூரம் 50 சென்டிமீட்டர். முதல் 10 சென்டிமீட்டர் மட்டும் தன்போக்கில் இறங்கவிட்டு, மீதி 40 சென்டிமீட்டர் முழுவதும் பிடித்துக்கொண்டே இறக்கினால், பிடிக்கும்போது சராசரியாக 75 கிலோ எடையின் விசை வரும். மாறாக, 40 சென்டிமீட்டர் விழவிட்டுக் கடைசி 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 300 கிலோ! கம்பியில் இருப்பது அதே 60 கிலோதான். முழுக்க அப்படி யாரும் விழுவதில்லை என்பது உண்மை. ஆனாலும் எந்தப் பக்கம் ஆபத்து என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போட்டியில் ஒரு வீரர் 175 கிலோவை மார்புக்கு ஏற்றிவிட்டு, தலைக்கு மேல் தள்ளுவதற்காக முழங்காலைச் சற்று மடக்கினார். இறக்கத்தை நிறுத்தி மேலே திரும்பப் போகும் அந்த நொடியில் முழங்கால் தசைநாண் அறுந்தது. தற்செயலாக அது படமெடுக்கப்பட்டிருந்ததால் கணக்கிட முடிந்தது. அந்த நொடியில் தசைநாண் தாங்கிய இழுவிசை ஏறத்தாழ ஒன்றரை டன். அவர் உடல் எடையைப்போல் 17 மடங்குக்கும் மேல். ஆண்டுக்கணக்கில் பயின்ற வீரருக்கே இந்த நிலை என்றால், நம் பையன்கள் எம்மாத்திரம்?

நம் தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. என் தகப்பனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கம் அது. ஆழத்தில் கூண்டு நின்றதும் நீண்ட கயிறு இழுபட்டுக் கூண்டு மேலும் கீழும் ஆடும் என்பார். "வைண்டிங் டிரைவர் கையிலதான்டா எங்க உசுரு. அவர் மெல்லப் பிடிச்சுத்தான் நிறுத்துவாரு" என்பார். அதே சுரங்கத்தில் பாறை வெடிப்பும் உண்டு. பாறை தனக்குள் அழுத்தத்தைச் சேர்த்து வைத்து, தாங்காதபோது ஒரே நொடியில் விட்டுவிடும். சேர்த்து வைத்த சக்தி கட்டுக்குள் இருந்தால் வேலைக்காரன், கட்டு மீறினால் எமன். இதை நம் முன்னோர்கள் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதன் பிறகு நம் பிள்ளைகளின் பிழைப்பு பெங்களூர் ரயிலில்தான். 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து சுரங்கத்துக்காகப் போட்ட தண்டவாளம், இன்று மாரிக்குப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்களை விடியுமுன் ஏற்றிக்கொண்டு போகிறது. போக இரண்டு மணி, வர இரண்டு மணி. இரவு இறங்கியதும் பையன்கள் நேராகப் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள். இடுப்பும் தொடையும் இறுகிக் கிடக்கும். கடைசி ரயிலில் வந்தவனுக்குக் கூடம் மூட முக்கால் மணிதான் இருக்கும். உடம்பைச் சூடேற்றாமல் முதல் சுற்றிலேயே பாரத்தைப் போட்டுத் துள்ளுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உடம்பு ஒன்றே முதலாக இருப்பவன், அதை இவ்வளவு மலிவாகச் செலவழிக்கலாமா?

நான் படித்தும், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, துள்ளலைக் கற்குமுன் நிறுத்தக் கற்க வேண்டும். குறைந்த எடையோடு இறங்கி, அடியில் இரண்டு மூன்று எண்ணும்வரை அசையாமல் இருந்து எழ வேண்டும். இங்கே தசைக்கும் இரும்பு வில்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வில்லை அழுத்திப் பூட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் சக்தியை வைத்திருக்கும். தசையோ ஓட்டைப் பானை. ஒரு வினாடி நின்றாலே துள்ளலின் பயனில் ஏறக்குறையப் பாதி போய்விடும் என்று 1991இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆகவே நிறுத்தி எழுப்பும் எடைதான் உங்கள் சொந்த எடை. மற்றது கைமாற்று. பவர்லிஃப்டிங் போட்டியில் படுத்துத் தள்ளும்போது, கம்பி மார்பில் அசையாமல் நின்ற பிறகே நடுவர் "தள்ளு" என்று உத்தரவிடுவார். நம் தென்மாவட்ட கிராமங்களின் இளவட்டக்கல்லும் இப்படித்தான். தரையில் செத்துக் கிடக்கும் கல்லைத் தூக்க வேண்டும், அங்கே துள்ளலுக்கு வழியே இல்லை.

இரண்டாவது, இறக்கத்தில் பிரேக் இருக்க வேண்டும். இறங்க இரண்டு வினாடியாவது எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கம் வந்த பிறகு கடைசிச் சில அங்குலங்களில் மட்டும் சற்று வேகமாகப் போய்த் திரும்பலாம். திரும்பும் இடத்தில் வயிறும் முதுகும் தொடையும் முறுக்கோடு இருக்க வேண்டும். அடியில் தளரவிட்டால் முதுகு வளைந்து, பாரம் தசையை விட்டு எலும்புக்கும் நாருக்கும் போய்விடும். முழங்கால் பாதம் நோக்கும் திசையிலேயே போக வேண்டும், உள்ளே சாயக்கூடாது.

மூன்றாவது, எலும்பை பஃபராக வைக்காதீர்கள். கம்பியை மார்பெலும்பில் மோதி எழுப்புவது, தொடையைக் கெண்டைக்காலில் மோதி எழும்புவது, கையை முழுக்கத் தொங்கவிட்டு வெட்டி இழுப்பது இவையெல்லாம் அனிச்சைச் செயல் அல்ல, மோதல்.

நான்காவது, ரயிலை விட்டு இறங்கியவன் பத்து நிமிடமாவது நடந்து, வெறும் உடம்போடு பஸ்கி எடுத்து, பிறகு வெறும் கம்பி, பிறகு படிப்படியாக எடை என்று போக வேண்டும். நேரம் இல்லையென்றால் எடையைக் குறையுங்கள், சூடேற்றுவதைக் குறைக்காதீர்கள். களைத்த பிறகு வரும் கடைசித் தூக்கல்களில் துள்ளவே வேண்டாம்.

ஐந்தாவது, தசை சீக்கிரம் வளரும், தசைநாண் மெதுவாகத்தான் தேறும். மூன்று மாதத்தில் தொடை பெருத்துவிட்டது என்று நம்பி எடையை ஏற்றினால், உள்ளே இருக்கும் நாண் பழைய நாண்தான். ஊக்க ஊசி போடுபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008இலேயே கடும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. அதைச் சாப்பிடும்போது பயிற்சி வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். சில்லுக்குக் கீழோ குதிகாலுக்கு மேலோ வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் காட்டுங்கள். "பட்" என்று சத்தம் கேட்டால் அன்றே ஓடுங்கள்.

இவ்வளவும் கடைப்பிடித்தால் காயமே வராது என்று நான் உறுதி கூற மாட்டேன். நமக்குப் பக்கத்து வேலூர்க்காரரான சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்றவர். இரண்டாவது முறை தொடையில் பட்ட காயம் முழுதும் ஆறாத நிலையிலேயே 317 கிலோ தூக்கினார். உச்சத்தில் இருப்பவருக்கு நாடு காத்திருந்தது, உடன் மருத்துவர் இருந்தார். நம் லைன் வீட்டுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊரில் கருவி வாங்க நன்கொடை தருபவர்கள் உண்டு. இன்னும் கொஞ்சம் இரும்புத் தகடு வாங்குவதற்குப் பதில், முறையாகக் கற்ற ஒரு பயிற்சியாளரை மாதம் இருமுறையாவது அழைத்துவர அந்தப் பணத்தைச் செலவிடலாம். கம்பி கை நழுவினால் தாங்கும் குறுக்குச் சட்டம் கூடத்தில் இருக்கிறதா என்று தகப்பன்மார்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். எத்தனை கிலோ தூக்கினாய் என்று பையனைக் கேட்பதைவிட, எப்படி இறக்கினாய் என்று கேளுங்கள்.

தம்பி மகன் இப்போது மீண்டும் பயிற்சிக்குப் போகிறான். வெறும் கம்பியோடு இறங்கி, அடியில் மூன்று எண்ணி எழுகிறான். கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்களாம். "சிரிக்கட்டும் பெரியப்பா, அவங்க முட்டி இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்கிறான். அது அப்படியே நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும். பதறாத காரியம் சிதறாது.