இப்போ உன் முறை!

2025 ஜனவரியில், நாம் பொங்கல் கொண்டாடிய அதே வாரத்தில், புது டெல்லியில் ஓர் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. கிரிக்கெட்டா? இல்லை, கோ-கோ! இங்கிலாந்து, ஜெர்மனி, போலந்து உள்பட 23 நாடுகள் கலந்துகொண்டன. ஆண்கள் கோப்பை, பெண்கள் கோப்பை இரண்டையும் இந்தியாவே வென்றது. இரண்டு இறுதிப் போட்டியிலும் எதிரணி நேபாளம்.

நம் பள்ளி மைதானத்து விளையாட்டு கடல் கடந்து போவது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் போகிற வழியில் சில தொலைந்தும் போகலாம்!

சடுகுடுவையே எடுத்துக் கொள்ளுங்கள். எதிரணிக்குள் நுழையும்போது ஊருக்கு ஊர் ஒரு பாட்டுப் பாடுவார்கள். ஒரு பக்கம் எத்தனை பேர், எல்லைக்கோடு எங்கே, எல்லாமே அந்தந்த ஊர்ச் சட்டம். வெளியூர்க்காரர்களோடு மோத வேண்டுமானால் சட்டம் பொதுவாக வேண்டுமே! அதனால் களத்தில் அணிக்கு 7 பேர், பாடுவதற்கு 'கபடி, கபடி' என்ற ஒரே சொல் என்று விதி வந்தது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியானது. 2018-ல் ஜகார்த்தாவில் ஆண்கள், பெண்கள் இரண்டு தங்கத்தையும் ஈரான் தட்டிச் சென்றது. அந்த அளவுக்கு அங்கே கபடி வேரூன்றி விட்டது! விளையாட்டு வளர்ந்தது, ஊர்ப் பாட்டுகள்தான் மறைந்து வருகின்றன.

பாட்டையும் இழக்காமல் விளையாட்டைப் பகிர முடியாதா? முடியும். இத்தாலியின் வெரோனா நகரில் 'டோகாட்டி' என்ற தெரு விளையாட்டு விழா நடக்கிறது. பல ஊர்க்காரர்களும் வந்து தங்கள் விளையாட்டைத் தங்கள் வழக்கப்படியே ஆடிக் காட்டுவார்கள். 'டோகாட்டி' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'இப்போ உன் முறை' என்று அர்த்தம்! இத்தாலி, பிரான்ஸ், பெல்ஜியம், குரோஷியா, சைப்ரஸ் ஆகிய 5 நாடுகள் கைகோத்த இந்தத் திட்டத்தை 2022-ல் யுனெஸ்கோ, மரபைக் காக்கும் நல்ல முறைகளின் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. 2015-ல் அறிவிக்கப்பட்ட 'ஒரே பாரதம், உன்னத பாரதம்' திட்டத்தில் மாநிலங்களை ஜோடி சேர்த்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஜோடி ஜம்மு-காஷ்மீர். மொழி, இசை, உணவோடு விளையாட்டையும் பகிர்ந்து கொள்ளலாம்.

சரி, ஒரு காஷ்மீர்ப் பள்ளி திருவையாற்றுப் பள்ளியிடம், "உங்கள் ஊர் விளையாட்டு ஒன்று சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு 5 புளியங்கொட்டை போடுவது ஒரு வழக்கம், 6 போடுவது இன்னொரு வழக்கம். ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது 'பசு'. பாட்டிக்கு இதெல்லாம் அத்துப்படி. உங்களுக்கு? நம்மிடம் இல்லாததை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது?

இதற்குக் காஷ்மீர் வரை போகக்கூட வேண்டாம். காவிரிப் பாலம் தாண்டினால் கண்டியூர். அங்குள்ள பிள்ளைகள் பாண்டிக்கு எத்தனை கட்டம் போடுகிறார்கள்? கேட்டுப் பாருங்கள். உங்கள் தெருச் சட்டத்தையும், பாட்டி சொல்லும் பாட்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்துப் பள்ளியோடு ஒரு நாள் அவர்கள் முறைப்படி, மறுநாள் உங்கள் முறைப்படி ஆடுங்கள். யார் ஜெயித்தாலும், இரண்டு பள்ளிக்கும் ஒரு விளையாட்டு கூடியிருக்கும்!

என்ன, தயாரா? டோகாட்டி!