அப்பன் ஆலை, பிள்ளை நாற்காலி

செங்கோட்டையில் ரயிலேறி நெல்லைக்குப் போகிற தோழர்கள் வழியில் கல்லிடைக்குறிச்சியைக் கண்டிருப்பர். அப்பளத்துக்குப் பேர்போன ஊர். அவ்வூர்ச் சங்கரலிங்க ஐயரும் டி. எஸ். நாராயணசாமியும் சேர்ந்து 1946-ல் தொடங்கியதுதான் இந்தியா சிமெண்ட்ஸ். 1949-ல் நெல்லையை அடுத்த தாழையூத்தில் ஆலை ஓடத் தொடங்கிற்று. பணம் இரு குடும்பங்களுடையது. சுண்ணாம்புக்கல் வெட்டிய கை யாருடையது? நம் சீமைப் பாட்டாளியுடையது!

தொடங்கியவர்கள் இருந்தவரை தொல்லையில்லை. 1968-ல் நாராயணசாமி மறைந்தார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மகன் சீனிவாசன் திரும்பி வந்து நிர்வாகத்தில் அமர்ந்தார். 1979-ல் இரு குடும்பங்களுக்கும் பூசல். சீனிவாசன் வெளியேற்றப்பட்டார். மீண்டும் நிர்வாக இயக்குநராக அவர் வந்தது 1989-ல். பத்தாண்டுக் காலம்! அண்ணன் தம்பி வரப்புச் சண்டையென்றால் ஒரு போக விளைச்சல்தான் போகும். ஆலை முதலாளிகள் சண்டையிட்டால்?

குடும்ப ஆட்சி என்றாலே கேடு என்று நாம் வாதாட வரவில்லை. நெடுநாள் நோக்கு குடும்பத்துக்கு உண்டு. பேரனுக்கும் சேர்த்துக் கணக்குப் போடும். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையையே பாருங்கள். 1996-ல் தொடங்கிய நிறுவனம், இன்று சோகோ என்று பெயர். பெரும்பங்கு ஸ்ரீதர் வேம்புவின் உடன்பிறந்தார் கையில். பங்குச் சந்தைக்குப் போகவில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை லாபம் காட்டு என்று அதட்ட ஆளில்லை. சிற்றூரில் கணினி வேலை நடத்தும் துணிவுக்கு அதுவும் ஒரு காரணம் என்போம். 2025 சனவரியில் தலைமை நிர்வாகி நாற்காலியை ஸ்ரீதர், குடும்பத்துக்கு வெளியே உள்ள சைலேஷ் குமார் தாவேயிடம் விட்டார். உடைமை வேறு, நிர்வாகம் வேறு என்று பிரித்த செயல் அது. கவனிக்கத் தக்கது.

அந்த நாற்காலியில்தான் சங்கதி இருக்கிறது. டென்மார்க் நாட்டு நிறுவனங்களை ஆராய்ந்து 2007-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தலைவருக்குத் தலைப்பிள்ளை ஆணாயிருந்தால் பதவி குடும்பத்துக்குள்ளேயே போவது அதிகமாம். அதை வைத்தே கணக்கிட்டனர். பிள்ளையோ உறவினரோ அமர்ந்த இடங்களில், சொத்தின் மீதான லாப விகிதம், வெளியார் அமர்ந்த இடங்களைவிடக் குறைந்தது நான்கு புள்ளி சரிந்தது. ஆண்பிள்ளை பிறந்ததற்கும் ஆலை நடத்தும் அறிவுக்கும் என்ன உறவு? அங்கும் அதே கதைதான்!

தாழையூத்துக்குத் திரும்புவோம். 1998-ல் ஆந்திரத்து ராசி சிமெண்டை வாங்கினர், கடன் ஏறிற்று. 2008-ல் 9 கோடியே 10 லட்சம் டாலருக்குக் கிரிக்கெட் அணி வாங்கினர். சிமெண்டுக்கும் சிக்சருக்கும் என்ன பொருத்தமோ! பின்னாளில் நட்டம் வந்தது. 2024 சூலையில் குடும்பத்தார் தம் 32.72 சதவீதப் பங்கை, பங்குக்கு 390 ரூபாயென 3,954 கோடிக்கு அல்ட்ராடெக்கிடம் விற்க ஒப்பினர். திசம்பரில் கைமாறிற்று. வாங்கியதும் பிர்லா குடும்பத்து நிறுவனமே. ஆனால் அதன் அன்றாட நிர்வாகம் சம்பளத்துக்கு அமர்ந்த அதிகாரியிடம்.

இதில் நாம் கேட்பது வேறு. பங்கு வைத்திருந்த சிறு முதலீட்டாளருக்கு, நீயும் 390 ரூபாய்க்கு விற்கலாம் என்ற வாய்ப்பைச் சட்டம் தந்தது. முப்பதாண்டு உலைச் சூட்டில் நின்ற தொழிலாளிக்கு? பங்குதானே கைமாறுகிறது, கம்பெனி அதேதானே என்று கைவிரிக்கிறது. அவனை ஒரு சொல் கேட்கக் கடமையில்லை. நிர்வாகத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 43ஏ பிரிவில் 1976-லேயே எழுதிவைத்தார்கள். வழிகாட்டும் நெறியாம், நீதிமன்றத்தில் கேட்க முடியாதாம். இயக்குநர் குழுவில் தொழிலாளி ஒருவன் இருந்திருந்தால், ஏறுகிற கடனைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் அவன் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க மாட்டானா?