பழுதானது கமராவா, நமது தீர்ப்பா?



அன்பின் ஊர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிள்ளையின் பெயர் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் சுருக்க முடியவில்லை. பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

நமது பாடசாலைப் பரிசளிப்பு விழாப் படங்கள் இருட்டாக வந்த கதை ஊருக்கே தெரியும். பிரதம அதிதியின் முகம் தெரியவில்லை. பரிசு வாங்கிய பிள்ளைகளின் பெற்றோர் வந்து கேட்டபோது கொடுப்பதற்கு ஒரு நல்ல படம் இருக்கவில்லை. கட்டாரில் இருக்கும் நமது பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கித் தந்த கமரா அது. கோபம் வந்தது நியாயம்தான்.

ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்த இடம் எது?

"கமரா தன்பாட்டுல செட்டிங் மாறுது" என்றார் ஒருவர். "தன்பாட்டுல எப்படி மாறும்? ஊடகக் கழகத்துப் பொடியன்தான் நோண்டி இருப்பான்" என்றார் இன்னொருவர். பத்து நிமிடத்தில் தீர்ப்பு முடிந்தது. அன்று படம் எடுத்த தரம் 10 மாணவனைக் கழகத்திலிருந்து நிறுத்தினோம். கமரா டவுனுக்கு ரிப்பேருக்குப் போனது. "போர்ட்டில் சின்னப் பிரச்சினை" என்று சொல்லி 4,500 ரூபா எடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் வாப்பா, யாரும் கேட்காமலே பாடசாலைக்கு வந்து, அதில் பாதியை, 2,250 ரூபாவை, அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாமும் வாங்கிக் கொண்டோம்.

"நான் ஒண்டும் செய்யல்ல சேர், படம் மட்டும்தான் எடுத்த" என்று அவன் சொன்னான். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. இந்தப் பதிவை எழுதுவதற்கு முதல் காரணம் அந்த மௌனம்தான்.

கமராவும் மெமரி கார்டும் இப்போது அலுமாரிக்குள் பூட்டி இருக்கின்றன. அதிபரிடம் அனுமதி எடுத்து, சென்ற வாரம் அந்தக் கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். டிஜிட்டல் கமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் அது எப்படி எடுக்கப்பட்டது என்ற விபரமும் சேர்ந்தே பதிவாகிறது. எக்ஸிஃப் என்பார்கள். திகதி, நேரம், ஷட்டர் வேகம், துளையின் அளவு, ஐ.எஸ்.ஓ. எல்லாம் அதில் இருக்கும். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ் போனால் யாருக்கும் தெரியும். ஒரு சதமும் செலவில்லை.

பரிசளிப்பு விழாப் படங்கள் அத்தனையிலும் ஒரே இலக்கம் இருந்தது: எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன் -1.7.

இது என்னவென்று சொல்கிறேன். வெளிச்சத்தை அளந்து "இவ்வளவு ஒளி போதும்" என்று கமரா முடிவெடுக்கும். அதைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு இருக்கும் வசதிதான் அந்த +/- பட்டன். -1 என்றால் ஒளி பாதி. -2 என்றால் கால்வாசி. -1.7 என்றால் கமரா சரியென்று கணக்குப் போட்ட ஒளியில் மூன்றில் ஒரு பங்கு கூட உள்ளே வராது. போதாததற்கு அன்று மேடையில் நின்றது வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவும் அணிந்த பிள்ளைகள். வெள்ளை அதிகமாக இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து கமரா தானாகவே இன்னும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் முகங்கள் இருட்டாவதில் என்ன அதிசயம்?

சரி, அந்த -1.7 ஐ வைத்தது யார்? கார்டைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த இலக்கம் முதன்முதல் வருவது விழாவுக்கு 11 நாட்களுக்கு முன்னர், ஓர் இரவில், ஒரு வலீமா விருந்தில். பாடசாலைக் கமரா அங்கே எப்படிப் போனது, யாருடைய வீடு என்றெல்லாம் எழுத மாட்டேன். படத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கமராவின் கடிகாரம் பிழையாக இருக்குமோ என்றும் பார்த்தேன். விழாப் படங்களின் நேரம் நிகழ்ச்சி நிரலோடு அப்படியே பொருந்துகிறது. அந்தப் பிள்ளையின் கையில் கமரா கிடைத்தது விழா அன்று காலையில்தான்.

விருந்தில் எடுத்தவரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சுழற்றி உள்ள சிறிய ரக நிக்கொன். அதை எம் முறையில் வைத்து +/- பட்டனை அழுத்திக்கொண்டு சுழற்றினால் துளையின் அளவு மாறும். பி, எஸ், ஏ முறைகளில் அதையே செய்தால் மாறுவது கொம்பன்சேஷன். எம் முறையில் பழகிய கை வேறு முறையில் சுழற்றினால் இதுதான் நடக்கும். கமராவை அணைத்துப் போட்டாலும் அந்த இலக்கம் பூச்சியத்துக்குத் திரும்பாது. அடுத்தவர் கைக்கு அப்படியே போகும். ஆனால் பச்சை நிற ஓட்டோவில் கொம்பன்சேஷன் வேலை செய்யாது. "ஓட்டோல நல்லா வருது, பி-ல போட்டா இருட்டாகுது, அதனால பழுதுதான்" என்று கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? அது பழுதுக்கு ஆதாரமல்ல. கமரா நல்ல சுகத்தோடு இருக்கிறது, யாரோ கொம்பன்சேஷனை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதற்கான ஆதாரம். ஆதாரம் நமது கையில் இருந்தது. வாசிக்கத் தெரியவில்லை.

அடுத்து, "ரிப்பேர் செய்தும் சரிவரவில்லை, மீலாத் விழாவிலும் படம் மாறி மாறி வந்தது" என்கிறீர்கள். அந்தப் படங்களையும் பார்த்தேன். அடுத்தடுத்து எடுத்த நான்கு படங்கள். நான்கிலும் ஷட்டர் 1/500, துளை ஒன்று, ஐ.எஸ்.ஓ. ஒன்று, கொம்பன்சேஷன் பூச்சியம். ஆனால் ஒன்று வெளிச்சம், ஒன்று மங்கல், ஒன்றில் மஞ்சள் படிந்திருக்கிறது. செட்டிங்கில் எதுவுமே மாறவில்லை. மாறியது விளக்கு! நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சோக் போட்ட பழைய டியூப் லைட் அதனால் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. 1/500 என்ற வேகத்தில் எடுத்தால் அந்தத் துடிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் படத்தில் விழும். அது உச்சமாகவும் இருக்கலாம், பள்ளமாகவும் இருக்கலாம். விளையாட்டுப் போட்டிக்கு வைக்கிற வேகத்தை மண்டபத்துக்குள் வைத்ததுதான் பிழை. 1/100 க்கு இறக்கினால் ஒரு துடிப்பு முழுதாக உள்ளே வந்து படங்கள் ஒரே மாதிரி ஆகிவிடும். உலகத்தில் எந்த ரிப்பேர் கடையிலும் இதற்கு மாற்றுவதற்கு போர்ட் கிடையாது.

"கமரா தன்பாட்டில் மாறுது" என்று இனி யாராவது சொன்னால், தயவுசெய்து முதலில் இவற்றைப் பாருங்கள்.

1. மேலேயுள்ள வட்டச் சுழற்றி எந்த எழுத்தில் நிற்கிறது? பையில் போட்டு எடுக்கும்போதே அது திரும்பிவிடும்.

2. கொம்பன்சேஷன் பூச்சியத்தில் இருக்கிறதா?

3. ஐ.எஸ்.ஓ. ஓட்டோவில் இருக்கிறதா? எம் முறையில் வைத்து "எல்லாவற்றையும் நான்தான் தீர்மானிக்கிறேன்" என்று நாம் நினைத்திருப்போம். ஓட்டோ ஐ.எஸ்.ஓ. இருந்தால் கமரா பின்னால் இருந்து அதை மாற்றிக்கொண்டே இருக்கும்.

4. மூன்று மூன்றாக, ஒன்று சரி, ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம் என்று வருகிறதா? அது பிராக்கெட்டிங் என்ற வசதி. யாரோ போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். பல கெனன் கமராக்களில் அணைத்துப் போட்டால் அது தானாக நீங்கிவிடும். "ஓஃப் பண்ணிப் போட்டா சரியாகுது, உள்ளுக்குள்ள ஏதோ லூஸ்" என்ற கதை இப்படியும் பிறக்கும்.

5. மீட்டரிங் ஸ்பொட்டில் இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு சின்னப் புள்ளியை மட்டுமே அளக்கும். புள்ளி கறுப்பு அபாயாவில் விழுந்தால் படம் வெளிறும். வெள்ளை ஜுப்பாவில் விழுந்தால் இருளும்.

6. எம் முறையில் ஐ.எஸ்.ஓ.வையும் ஒரே இலக்கத்தில் வைத்துவிட்டு சூம் செய்தீர்களா? கமராவோடு வரும் 18-55 லென்ஸில் எழுதியிருக்கும் 3.5-5.6 என்பதன் அர்த்தம், முழுத் துளையில் எடுக்கும்போது கடைசி வரை சூம் செய்தால் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும் என்பதுதான்.

ஆறையும் பார்க்க மூன்று நிமிடம் போதும். ஒன்றும் பிடிபடவில்லை என்றால் செட்டிங்கை ரீசெட் செய்யுங்கள். பல நிக்கொன் கமராக்களில் பச்சைப் புள்ளி போட்ட இரண்டு பட்டன்களைச் சேர்த்துச் சில செக்கன்கள் அழுத்தினால் சரி. மற்றவற்றில் மெனுவுக்குள் இருக்கும். அதற்குப் பிறகும் பிழை வந்தால் கடைக்குக் கொண்டு போங்கள். நான் தடுக்கமாட்டேன்.

"படம்தானே சேர், இதற்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று சிலர் கேட்பீர்கள். படத்துக்காக எழுதவில்லை. நாம் 2,250 ரூபா வாங்கியது ஒரு கூலித் தொழிலாளியிடம். அந்தப் பிள்ளை இப்போது என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிப் போகிறான்.

"எல்லாத்தையும் ஓட்டோவில விட்டா என்ன?" ஓட்டோவும் வெள்ளைச் சீருடை வரிசையைச் சாம்பலாக்கும். இருட்டு மண்டபத்தில் தானாக பிளாஷைத் தூக்கும். அந்தச் சின்னப் பிளாஷின் வெளிச்சம் சில மீற்றருக்கு மேல் போகாது.

"போனிலேயே எடுக்கலாமே?" எடுக்கலாம். போனும் இதே வேலையைத்தான் செய்கிறது. முகத்தைத் தொட்டால் ஒரு வெளிச்சம், ஜன்னலைத் தொட்டால் வேறு வெளிச்சம். அப்போதும் "போன் பழுது" என்று சொல்லி யாரை நிறுத்தப் போகிறோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருட்டாகப் போன அதே விழாவில், "கமராவைக் கண்டுபிடித்ததே நம்மவர் இப்னுல் ஹைதம்" என்று மேடையில் பேசப்பட்டது. கைதட்டினோம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அந்த மேதை இன்றைய கமராவைச் செய்யவில்லை. ஆயிரம் வருடங்களுக்கு முன், இருட்டறையின் துளை வழியாக ஒளி எப்படிப் போகிறது என்பதைத் தானே சோதித்துப் பார்த்தார். முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக எதையும் ஏற்கவில்லை. அவரது பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு, அவர் செய்த ஒரே வேலையை, சோதித்துப் பார்ப்பதை, நாம் செய்யவில்லை. ஒரு செய்தி வந்தால் தெளிவாக விசாரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு கைசேதப்பட நேரிடும் என்பது சூரா ஹுஜுராத் நமக்குத் தரும் பாடம். ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

ஆகவே பாடசாலை நிர்வாகத்திடமும் அபிவிருத்திச் சங்கத்திடமும் பகிரங்கமாகக் கேட்கிறேன்.

அந்த மாணவனை எந்தக் கூட்டத்தில் குற்றவாளி ஆக்கினோமோ, அதே ஆட்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டு மீண்டும் கழகத்தில் சேர்க்க வேண்டும். முதலில் நான் கேட்கிறேன்.

வாப்பாவின் 2,250 ரூபாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அலுவலகக் கணக்கில் இடமில்லை என்றால் அந்தக் கூட்டத்தில் இருந்த நாங்கள் பங்கு போட்டுக் கொடுப்போம்.

பாடசாலைக் கமரா இனி யாருடைய வீட்டு விருந்துக்கும் போகக் கூடாது. ஒரு கொப்பி வைத்து, எடுத்தவர் யார், கொண்டு வந்தவர் யார், திகதி என்ன என்று எழுத வேண்டும்.

கடைசியாக, கமராவை அலுமாரியிலிருந்து எடுத்து, மெனுவல் புத்தகத்தோடு சேர்த்துப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். அந்தப் புத்தகம் இன்னும் பொலித்தீன் உறை பிரிக்காமலே பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் வெட்கம் வந்தது.

நான் சொன்னதில் பிழை இருந்தால் கொமண்டில் சுட்டிக் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் யாரும் கொமண்டில் எழுத வேண்டாம்.