வத்தலக்குண்டுப் பிரகடனம்

தமிழ் நாவலுக்கு உருவம் அளித்த இளைஞர் கொடைக்கானல் மலையடிவாரத்தில் பிறந்தார். 1872இல் வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் தொடராக வந்தது, 1896இல் நூலானது. தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. 1896இல் சென்னையில் தோன்றிய ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில இதழுக்கு அவரே ஆசிரியர். 1898இல், இருபத்தாறு வயதில், மறைந்தார். இன்றைய பிள்ளைகள் பட்டம் முடித்து வேலை தேடி அலையும் வயதுக்குள் ஒரு மொழியின் உரைநடைக்குத் திசை காட்டி முடித்துவிட்டார்.

எங்கள் வகுப்பறைகளில் அந்த வாழ்வு இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கியது. நாவலின் பெயர் தெரிந்தது, நாவல் தெரியவில்லை. கைடு வாசிப்பின் இடத்தில் அமர்ந்தது. மனப்பாடம் அனுபவத்தின் இடத்தில் அமர்ந்தது. அந்த ஏற்பாட்டின் காலம் முடிந்தது. அதன் பிழைகளைப் பட்டியலிட்டுப் பொழுதைக் கழிக்க எங்களுக்கு விருப்பமில்லை.

திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறைத் தெருக்களிலிருந்தும், சின்னாளபட்டியின் தறிவீடுகளிலிருந்தும், நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களிலிருந்தும், வேடசந்தூர் நூற்பாலைக் குடியிருப்புகளிலிருந்தும் வரும் மாணவர்களும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் கூடி இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம். பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. வீட்டில் அம்மாவின் செல்போன் இருக்கிறது. கருவி வந்து சேர்ந்துவிட்டது. அதற்குரிய குறிக்கோளை நாங்கள் கொண்டுவருகிறோம். முன்னோடி எழுத்தாளரை மாணவர் தம் உழைப்பால் அடைய வேண்டும். அவ்வுழைப்புக்குத் தொழில்நுட்பம் களமாக வேண்டும்.

எங்கள் முதற்பணி மெய்ப்பு. பழைய அச்சுப் பக்கத்தின் படம் திரையின் ஒரு பாதியில். எழுத்துணரி மென்பொருள் அதிலிருந்து பிரித்தெடுத்த வரிகள் மறுபாதியில். மென்பொருள் துணைக்காலை ‘ர’ என்று எடுக்கும், புள்ளியை விழுங்கும், சந்தியை உடைக்கும். 1978இன் எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை ஆகியவை துதிக்கை தூக்கி நிற்கும். ணா, றா, னா ஆகியவை தனி வடிவில் சுழிந்து கிடக்கும். எங்கள் மாணவர் அவ்வடிவங்களை முதன்முறை காண்கையில் அயல்மொழி என்றே எண்ணுவர். எண்ணட்டும். அந்தத் தடுமாற்றத்தில்தான் வாசிப்பு தொடங்குகிறது. தேர்வுக்குப் படிப்பவர் வரியைத் தாண்டிச் செல்கிறார். மெய்ப்புப் பார்ப்பவர் ஒவ்வோர் எழுத்திலும் நின்று செல்கிறார். ஒரு சொல் பிழையா, அக்கால வழக்கா என்று தீர்மானிக்க அவர் வாக்கியத்தின் பொருளுக்குள் இறங்கியாக வேண்டும், வாக்கியத்துக்காக அத்தியாயத்துக்குள் இறங்கியாக வேண்டும். எந்த வினாத்தாளும் இதுவரை கேட்டிராத கவனம் அது.

இவ்வழியில் எங்களுக்கு முன்னோர் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் கைகளால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. தமிழ் விக்கிமூலத்தில் ஒருவர் திருத்திய பக்கத்தை வேறொருவர் சரிபார்த்த பிறகே அது முழுமை பெறுகிறது. அந்த நெறியை நாங்கள் ஏற்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி திருத்தியதை ஆசிரியர் சரிபார்ப்பார்; ஆசிரியர் திருத்தியதை ஒன்பதாம் வகுப்பு மாணவி சரிபார்ப்பார்.

இரண்டாம் பணி குரல். ராஜமையரின் உரையாடல்கள் காதுக்காக எழுதப்பட்டவை. ஊர்வம்பு ஒரு வாயிலிருந்து மறுவாய்க்குப் போகும்போது வளர்ந்து ஒரு குடும்பத்தைச் சாய்ப்பதே அந்நாவலின் விசை. மௌனமாகக் கடந்த பக்கத்தை நான்கு பேர் நான்கு குரலில் படித்தால் வம்பின் வேகம் வெளிப்படும். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியார் வாய் திறக்கும் இடங்களில் வகுப்பு சிரிக்கும். தமிழாசிரியர்களாகிய எங்களில் சிலர் நெளிவோம். நாவலின் அக்ரகாரத்துப் பேச்சை நடித்துக் காட்டு என்று எந்த மாணவரையும் நாங்கள் பணிக்க மாட்டோம். பேகம்பூர் மாணவர் பேகம்பூர்க் குரலில் படிப்பார்; ஒட்டன்சத்திரம் மாணவர் ஒட்டன்சத்திரம் குரலில் படிப்பார். எழுத்து எழுத்தாளருடையது, நாக்கு வாசகருடையது.

பதிவுகள் மாதம் ஒன்றாக மட்டுமே வெளிவரும். 1893இன் வாசகர் அடுத்த இதழுக்குக் காத்திருந்தார். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களும் காத்திருக்கும். ஒரே இரவில் முழுத் தொடரையும் பார்த்து முடிக்கும் பழக்கத்துக்கு எங்களிடம் இடமில்லை. இடைப்பட்ட முப்பது நாளில் ஊகம் வளர வேண்டும், சண்டை மூள வேண்டும்.

மூன்றாம் பணி நிலப்படம். அது பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். ராஜமையரின் நாளில் எங்கள் ஊர்கள் மதுரை ஜில்லாவின் ஊர்கள். நாவலின் சிறுகுளமும் அதே ஜில்லாவின் கிராமம். 1875இல் மதுரையை எட்டிய ரயில் இச்சமவெளியின் பிள்ளைகளைச் சென்னைக் கல்லூரிகளுக்குக் கொண்டு சென்றது. கிறித்தவக் கல்லூரிக்குச் சென்ற ராஜமையர் அந்தத் தலைமுறை. நாவலின் பயணத்தையும் நாவலாசிரியரின் பயணத்தையும் ஒரே மின்படத்தில் மாணவர் வரைவர்.

நாங்கள் மறுப்பவற்றையும் அறிவிக்கிறோம்.

சுருக்கத்தை மறுக்கிறோம். செயற்கை நுண்ணறிவு நொடியில் தரும் கதைச்சுருக்கம் பழைய கைடின் புதிய உடை. அதே இயந்திரத்தின் சுருக்கத்தை மாணவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பிடிப்பதை வரவேற்கிறோம். இறந்தவரின் வாயில் சொல் இடுவதை மறுக்கிறோம். ராஜமையரைப் போலப் பேசும் உரையாடல் செயலி ஒன்றை உருவாக்குவது எங்கள் மாணவர்க்கு எளிது. அவர் சொல்லாததை அவர் பெயரால் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

வழிபாட்டை மறுக்கிறோம். படத்துக்கு மாலை, மேடைக்குப் பேச்சு, மறுநாள் மறதி என்ற ஆண்டுச் சடங்கு எங்களுக்கு வேண்டாம். நாவலில் வரும் பேயாண்டித் தேவனைக் கொள்ளைக்காரனாக எழுதிய கை எந்தத் தெருவிலிருந்து பார்த்தது என்று ஒரு மாணவர் கேட்டால், அக்கேள்வி அந்தப் பதிவின் பகுதியாகவே சேரும். பெண்கள் கூடினால் வம்பு என்ற பார்வையை ஒரு மாணவி எதிர்த்தால், அவ்வெதிர்ப்பும் சேரும். பழைய ஆசிரியரை மதிப்பது அவரோடு வாதாடுவது. வாதாட முதலில் அவரை முழுதும் படித்தாக வேண்டும். இந்த நிபந்தனையில் சலுகை இல்லை.

எண்ணிக்கை மயக்கத்தையும் மறுக்கிறோம். இங்கே வத்தலக்குண்டின் இன்னொரு பிள்ளையை அழைக்கிறோம். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ், இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தனக்கே வரம்பு விதித்தது. தமிழ்ப் புதுக்கவிதை அந்தச் சிறிய பரப்பில் வேரூன்றியது. அவர் நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்றார். பார்வைகளின் எண்ணிக்கையை நாங்கள் கணக்கெடுக்க மாட்டோம்; முழுப் புத்தகத்தையும் படித்தவரைக் கணக்கெடுப்போம்.

தொழில்நுட்பம் இலக்கியத்தின் பகை என்று அஞ்சுவோர்க்கும் செல்லப்பாவையே காட்டுகிறோம். அதே 1959இல் வந்த ‘வாடிவாசல்’ நாவலின் ஆசிரியர், ஜல்லிக்கட்டைத் தாமே கேமராவில் படமெடுத்தவர். காளையின் கணத்தைக் கருவி வழியாகப் பார்த்த கண்ணும், அதை வாக்கியமாக்கிய கையும் ஒருவருடையவை. எங்கள் மாணவர் செல்போனைத் தூக்குவது அவர் காட்டிய முறையில்தான்: முதலில் பார்க்க, பிறகு எழுத.

உரிமை பற்றிய எங்கள் நிலை தெளிவானது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். ராஜமையர் நெடுங்காலமாகப் பொதுச்சொத்து. அவரைப் படிக்க, பதிய, பரப்ப யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே பணி அவரிடமிருந்து தொடங்குகிறது. 1998இல் மறைந்த செல்லப்பாவின் எழுத்துகள் 2059 ஜனவரி முதல் நாள்தான் பொதுவாகும். அதுவரை உரியவர்களிடம் அனுமதி கேட்போம். கிடைத்தால் பதிவோம், கிடைக்காவிட்டால் வகுப்பறைக்குள் வாய்விட்டுப் படிப்போம். இன்று ஆறாம் வகுப்பில் அமர்ந்திருப்பவர் அன்று நாற்பதைக் கடந்திருப்பார். 2059க்கான ‘வாடிவாசல்’ ஒலிப்பதிவை அவர் பொறுப்பில் இன்றே ஒப்படைக்கிறோம்.