அவங்க வீடு, அவங்க இஷ்டமா?

போன வாரம் தங்கச்சி மகளுக்கு அறை பார்க்கக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். பிள்ளைக்குக் கண்டியில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை, சம்பளம் 45,000. பன்விலயிலிருந்து தினமும் போய்த் திரும்பினால் வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது. அறை வாடகை 18,000. அட்வான்ஸ் ஆறு மாதம், அதாவது 108,000. கேட்டைத் திறந்துவிட்ட புரோக்கருக்குத் தனியாக ஒரு மாத வாடகை. அவரை வேலைக்குப் பிடித்தது வீட்டுக்காரர். காசு மட்டும் எங்களிடம். ரசீது கேட்டேன். கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஊருக்கு வந்து பிளேன்டீ கடையில் இதைச் சொன்னேன். "அவங்க வீடு அண்ணே, கேக்கிறத குடுக்கத்தானே வேணும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். கடையில் இருந்த தலையெல்லாம் ஆடின. அதில் பாதிப் பேர் லயத்துக்காரர்கள். இருநூறு வருசமாகியும் குடியிருக்கும் காம்பராவுக்கு உறுதி இல்லாதவர்களுக்கு, அடுத்தவன் சொத்துரிமைமேல் எவ்வளவு அக்கறை!

இதே மனிதர்தான் அன்று காலை கண்டக்டர் பத்து ரூபாய் மிச்சம் தரவில்லையென்று வட்டேகமை வரைக்கும் சண்டை பிடித்தவர். ஏன் ஐயா, பஸ் யாருடையது? முதலாளியுடையது. டயரும் டீசலும் லீசிங் கடனும் அவர் தலையில். அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? "கட்டணம் கவர்மென்ட் வச்சது" என்பார். அப்படியானால் சொந்தப் பஸ்ஸுக்கு வரம்பு வைக்கலாம், சொந்த வீட்டுக்கு வைக்கக் கூடாதா? பஸ்ஸில் ஏறியதும் நாளைக்கு ஏறப்போகிற ஆறு மாதக் கட்டணத்தையும் எடு என்று கண்டக்டர் கேட்டால் விடுவீர்களா? "மடவளைக்குப் போற பஸ் அந்தா நிக்குது" என்று கைகாட்டியவன் ஒரு மாதக் காசு கேட்டால்?

நம் நாட்டுக்கும் இது தெரியாத விசயமல்ல. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கும் முற்பணத்துக்கும் வரம்பு வைத்தது. வழக்கைக் கேட்க வாடகைச் சபையும் வைத்தது. 1980இல் திருத்தம் வந்தது. அந்த வருசம் சனவரி 1க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளை அதிலிருந்து கழற்றிவிட்டார்கள். இன்று நமக்குக் காட்டப்படும் டைல்ஸ் அறையெல்லாம் எப்போது கட்டியதென்று நீங்களே யோசியுங்கள். குடியிருப்பவரைச் சீக்கிரம் எழுப்ப வேண்டுமென்றபோது மட்டும் 2023இன் முதலாவது சட்டமே அதற்காக வந்துவிட்டது.

வரம்பு வைத்தால் வீடே கிடைக்காதாம். இங்கிலாந்தில் 2019 யூன் 1 முதல் ஏஜென்ட் குடியிருப்பவரிடம் கமிஷன் வாங்குவது சட்ட விரோதம். வருச வாடகை 50,000 பவுணுக்குக் குறைந்தால் டெப்பாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. அங்கே யாரும் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தேம்ஸில் எறியவில்லை. அவ்வளவு தூரம் எதற்கு? கட்டணம் எழுதி வைத்த பிறகும் நம் பஸ்காரர்கள் ஆள் ஏற்ற அடித்துக்கொண்டுதானே ஓடுகிறார்கள்? ஆனால் தமிழ்நாடு செய்ததுபோல் செய்யக் கூடாது. 2017இல் மூன்று மாத அட்வான்ஸ்தான் என்று எழுதிவிட்டு, வேறு உடன்படிக்கை இருந்தால் அதன்படி என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள்.

காசோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. உடன்படிக்கை இங்கிலீசில், கையெழுத்து நம்முடையது. "எந்த ஊர்?" என்பார்கள். பன்வில என்றால் "தோட்டமா?" என்று அடுத்த கேள்வி. கருவாடு பொரிப்பீர்களா, ஆள் வருவார்களா, கோயிலுக்குப் போவீர்களா என்று ஒரு நேர்முகப் பரீட்சை. வெளியே போகிற அன்று ஆணி அடித்த ஓட்டைக்கும் பெயிண்டுக்கும் கழித்தது போக அட்வான்சில் மிஞ்சுவது சில்லறை. போன வருசம் என் பெரியவனுக்கு நடந்தது அது. சுவரில் அந்த ஆணி அவன் போகுமுன்பே இருந்தது.

அந்த அறையை நாங்கள் எடுக்கவில்லை. பிள்ளை இன்னும் பன்வில பஸ்ஸில்தான் போய் வருகிறாள், கவர்மென்ட் வைத்த கட்டணத்துக்கு.