கொடைக்கானலில் வீடு கட்டுறீங்களா? கார் ஷெட்டை முதலில் முடிவு பண்ணுங்க... ஏன் தெரியுமா?

கொடைக்கானலில் ஐந்து சென்ட் மனை. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு சின்ன வீடு. வார இறுதியில் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்பிப் போனால் போதும். ஐ.டி வேலையில் இருக்கும் பலருக்கும் இருக்கும் கனவு இது. வீட்டு பிளானில் ஜன்னல் எங்கே, பால்கனி எங்கே என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். காரைப் பற்றிக் கேட்டால், "ஷெட் தானே, கடைசியில் பார்த்துக்கலாம்" என்பதுதான் வழக்கமான பதில்.

சமவெளியில் அது சரி. நாலு தூண், ஒரு தகரக் கூரை, வேலை முடிஞ்சது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைச்சரிவில், கதையே வேறு. அங்கே கார் ஷெட் என்பது முதலில் மண் வேலை, அப்புறம் தண்ணீர் வேலை. கட்டட வேலை கடைசியில்தான் வரும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு, கொடைக்கானலில் வார நாட்களில் தினமும் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. அரசுப் பேருந்துகளுக்கும் உள்ளூர் வாகனங்களுக்கும் அதில் விலக்கு உண்டு.

அதாவது, உள்ளே வரும் வண்டிக்குக் கணக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் வண்டி இரவு எங்கே நிற்கிறது என்பதற்குக் கணக்கு இல்லை. குறுகலான மலைச் சாலையில் ஓரமாக நிற்கும் ஒரே ஒரு கார், எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளை நிறுத்திவிடும். அதில் ஒன்று ஆம்புலன்ஸாகவும் இருக்கலாம்.

ஜப்பானில் கார் நிறுத்த இடம் இருப்பதற்கான சான்று இருந்தால்தான் பெரும்பாலான கார்களைப் பதிவு செய்ய முடியும். 1962-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. மிசோரம் தலைநகர் ஐஸாலும் மலை நகரம்தான். அங்கும் கார் வாங்க கராஜ் இருப்பதைக் காட்ட வேண்டும்.

வீட்டோடு சேர்த்தா, தனியாகவா?

இங்கேதான் கணக்கு போடணும். மனை சாலைக்குக் கீழே இருக்கிறது, வீட்டுத் தளம் சாலையிலிருந்து 3 மீட்டர் இறக்கத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் பாதுகாப்பாக ஏறி இறங்க 8-க்கு 1 என்ற சரிவு வேண்டும். அப்படியென்றால் 24 மீட்டர் நீளத்துக்குப் பாதை. 3 மீட்டர் அகலம் என்றால் 72 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் சென்ட். ஐந்து சென்ட் மனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காருக்கே போய்விடும்.

அதே ஷெட்டைச் சாலை மட்டத்திலேயே தனியாக வைத்தால்? அந்தப் பாதையே தேவையில்லை. வீட்டுக்கு இறங்க சுமார் 20 படிகள் போதும். வயதான அப்பா, அம்மாவுக்குப் படி சிரமம்தான். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி, இரவில் விளக்கு என்று அதை முதலிலேயே திட்டமிட்டுவிடலாம்.

மண்ணை வெட்டினால் என்ன ஆகும்?

3-க்கு 1 சரிவுள்ள நிலத்தில், 6 மீட்டர் ஆழத்துக்குச் சமதளம் எடுத்தால், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 2 மீட்டர் உயர வித்தியாசம். முழுவதையும் வெட்டியே எடுத்தால் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண் சுவர் நிற்கும். அதற்கு மேலே பக்கத்து வீட்டுக்காரரின் நிலம் இருக்கலாம்.

தடுப்புச்சுவர் கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். சுவரைத் தள்ளுவது மண் மட்டும் அல்ல. மண்ணுக்குள் தேங்கும் தண்ணீரும்தான். அதனால் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேற வரிசையாகத் துளைகள் விடணும். அடியில் ஒரு வடிகால் கட்டாயம்.

இன்னொரு தவறு, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, அதன் மேலேயே தளம் போடுவது. கொட்டிய மண் காலப்போக்கில் இறங்கும், மழையில் சரியும். சாலைக்குக் கீழே உள்ள மனையில், உறுதியான அடிமண் வரை தூண் இறக்கி அதன் மேல் தளம் போடுவதே நல்லது. தூண் எவ்வளவு ஆழம் போகணும், கம்பி எவ்வளவு என்பதை மண்ணைச் சோதித்துப் பார்த்து இன்ஜினியர்தான் சொல்லணும். மேஸ்திரியின் அனுபவம் மட்டும் இதற்குப் போதாது.

தண்ணீர் எங்கே போகும்?

ஒரு நாளில் 100 மி.மீ. மழை பெய்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையிலும் கான்கிரீட்டிலும் 100 லிட்டர் தண்ணீர் விழும். மூன்றரை மீட்டருக்கு 6 மீட்டர் ஷெட், அதோடு அந்த 24 மீட்டர் பாதை என்றால் 9,300 லிட்டர். சாலை மட்டத்தில் ஷெட்டும், முன்னால் ஒரு கார் நீளத் தளமும் மட்டும் என்றால் 3,600 லிட்டர்தான். முன்பு அந்த மழையில் கொஞ்சமாவது மண்ணில் இறங்கியது. இனி முழுவதும் ஓடும். குழாய் வைத்துத் தொட்டிக்கோ வடிகாலுக்கோ கொண்டு போகாவிட்டால், அது கீழே இருக்கும் வீட்டின் சுவரைத் தேடிப் போகும்.

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது, மரங்கள் விழுந்தும் மண் சரிந்தும் சாலைகள் அடைபட்டன. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் நடந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு ஷெட்டால் மலை சரியாது. ஆனால் வடிகால் இல்லாத வெட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே சரிவில் சேரும்போது ஆபத்து கூடுகிறது.

அளவு, கதவு, சார்ஜர்

* தமிழ்நாடு கட்டட விதிகள் ஒரு காருக்குக் கேட்பது இரண்டரைக்கு 5 மீட்டர். கதவைத் திறந்து, ஆள் இறங்கி, சாமானும் எடுக்க மூன்றரைக்கு 6 மீட்டர் வசதி.
* ஷட்டருக்கு முன்னால் 5 மீட்டர் இடம் விட்டால், அதைத் திறக்கும்வரை கார் சாலையில் நிற்காது. அவ்வளவு சமதளம் கிடைக்காத சரிவில், கதவே இல்லாத திறந்த முகப்பு நல்லது.
* மூடுபனியும் ஈரமும் அதிகம். இரண்டு பக்கமும் காற்று போக வழி வைக்காவிட்டால் பூஞ்சையும் துருவும் வரும்.
* எலெக்ட்ரிக் கார் என்றால் தனி வயரிங், எர்த், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச் மூன்றும் வேண்டும். இறங்கும் நாளில் 100 சதவீதம் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால், இறக்கத்தில் பிரேக்கிங் மூலம் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமிக்க இடம் இருக்காது.

அனுமதி வேண்டுமா?

"வெறும் ஷெட் தானே" என்ற பேச்சு இங்கே எடுபடாது. கொடைக்கானலுக்கு 1993-லிருந்து மாஸ்டர் பிளான் இருக்கிறது. அதை மீறிய நூற்றுக்கணக்கான கட்டடங்களுக்கு 2019-ல், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, சீல் வைக்கப்பட்டது. அதனால் வீட்டு பிளானிலேயே ஷெட்டையும் தடுப்புச்சுவரையும் காட்டி அனுமதி வாங்குவதுதான் பாதுகாப்பு. மரம் குறுக்கே நின்றால் 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் வரும். ஜே.சி.பி இறக்கும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் கேட்க வேண்டும்.

அனுமதி வாங்கிய ஷெட்டைப் பிறகு சுவர் வைத்து வாடகை அறையாக மாற்றினால், இரண்டு சிக்கல். வீட்டு உபயோகத்துக்குத் தந்த அனுமதி மீறப்படும். கார் மறுபடியும் சாலைக்கே வரும்.

மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். மேலிருந்து தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே போகிறது, சாலையோர ஓடை எங்கே திரும்புகிறது என்று கவனியுங்கள். அந்த ஓடையை மறிக்காமல் காருக்கு இடம் கிடைத்தால், வீட்டுக்கான இடத்தை அப்புறம் குறிக்கலாம். கிடைக்கவில்லை என்றால், வேறு மனை பார்ப்பதே லாபம்.